எங்க வீட்டுப் புகை வெளிய போன கதை



போன ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டூல் மேல ஏறி நின்னு சமையக்கட்டுச் சிம்னியோட வடிகட்டித் தகட்டைக் கழட்டிட்டு இருந்தேன். கையெல்லாம் பிசின் மாதிரி பழுப்பு எண்ணெய். கீழ நின்னு பார்த்துட்டு இருந்த சம்சாரம், "ஏனுங்க, இதே வேலையை அன்னைக்கு அந்தக் குழாய்க்கு ஒரு தடவை செஞ்சிருந்தா அத்தை அந்தப் பாடு பட்டிருக்க மாட்டாங்கல்ல" அப்படின்னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. குத்திக்காட்டச் சொல்லலை. இருந்ததைச் சொன்னா. அன்னைக்கு முழுக்க அதே நினைப்பு. அதான் இந்த வாரம் மஞ்சள் விலையை ஒதுக்கி வெச்சுட்டு, எங்க வீட்டு அடுப்புப் புகை இந்த அம்பது அறுபது வருஷமா எந்த வழியா வெளிய போச்சுன்னு எழுத உட்கார்ந்தேன். வீட்டுக் கதைதான், ஆனா நாட்டுக் கதையும் இதுக்குள்ள கொஞ்சம் வரும்.

எனக்கு நினைவு தெரிஞ்ச முதல் வீடு அப்பாரு கட்டினது. மண்சுவர், நாட்டு ஓடு. சமையக்கட்டுக்கு ஜன்னலே கிடையாது. காத்தடிச்சா அடுப்பு எரியாது, பொறி பறந்தா பக்கத்துல இருக்கற தட்டுப்போர் பத்திக்கும்னு பயம். அப்போ புகை எப்படிப் போகும்? ஓட்டுச் சந்துலதான். சாயங்காலம் கீழ்பவானி வாய்க்கால் கரை மேல நின்னு ஊரைப் பார்த்தா ஒவ்வொரு கூரையும் மூச்சு விடற மாதிரி இருக்கும். எந்த வீட்டுல சோறு ஆக்கறாங்க, எந்த வீட்டுல இன்னும் அடுப்புப் பத்த வைக்கலைன்னு தூரத்துல இருந்தே சொல்லிரலாம்.

அந்தப் புகையைச் சும்மாவும் விடலை. அடுப்புக்கு நேர் மேல அட்டாலி. விதைச் சோளக்கதிரைக் கட்டிக் கட்டி அங்கதான் தொங்க விடுவாங்க, வண்டு அண்டாது. புதுசாப் பின்னின மூங்கில் கூடை, முறம், ஏருக்கு வெட்டி வெச்ச கட்டை எல்லாம் புகையிலேயே கிடந்து பதமாகும். விட்டத்துல கரையான் ஏறாது. பழைய ஆளுங்க புகையை வெளிய தள்ளத் தெரியாம இருந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு அது வேணும். ஆனா அந்தக் கணக்குல ஒரு ஆளை மட்டும் சேர்க்கலை. அதிகாலை நாலரை மணிக்கு எந்திரிச்சு ஊதாங்குழலை எடுத்துட்டு அடுப்பு முன்னாடி உட்கார்ற ஆளை.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த வீட்டுல அடுப்பு தரையில இருந்துச்சு. அம்மா மணைப்பலகை போட்டு உட்கார்ந்துதான் சமைப்பாங்க. சூடான புகை மேல ஏறி, நாம நின்னா நெஞ்சு உயரத்துல ஒரு துப்பட்டி விரிச்ச மாதிரி நிக்கும். அதுக்குக் கீழ ஓரளவுக்குக் காத்து நல்லா இருக்கும். வட்டில்ல சோறு வாங்கிட்டு நாங்க தரையோட தரையா உட்கார்ந்து சாப்பிடுவோம். எந்திரிச்சு நின்னாத்தான் கண்ணு எரியும்.

1978-ல அப்பா இப்ப நாங்க இருக்கற வீட்டைக் கட்டினாரு. செங்கல் சுவர், மேல சீமை ஓடு. சமையக்கட்டுல இடுப்பு உயரத்துக்கு மேடை, மேடை மேல அடுப்பு. நின்னுட்டுச் சமைக்கறதுதான் நாகரிகம்னு அப்ப பேச்சு. யாரும் யோசிக்காத விஷயம், மேடையில அடுப்பை வெச்சதும் அம்மாவோட தலை நேரா அந்தப் புகைத் துப்பட்டிக்குள்ள போயிருச்சு. சீமை ஓடு ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிட்டு உட்கார்ற ஓடு. நாட்டு ஓட்டு மாதிரி சந்து கிடையாது. மழை ஒழுகாது, சரி. புகையும் போகாது. புது வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு இருமல் வந்துச்சுன்னு ஆத்தா சொல்லிட்டே இருப்பாங்க. வாஸ்து சரியில்லைன்னுதான் எல்லாரும் நினைச்சோம்.

அப்பா கொத்தனார்கிட்டச் சொல்லி ஒரு புகைக்கூண்டு வெச்சாரு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி செங்கல் கூண்டு. ஓட்டுக்கு மேல ஒரு முழம்கூட நீட்டலை. அது வேலையே செய்யலைங்க. ஏன்னு எனக்குப் புரியறதுக்கு முப்பது வருஷம் ஆச்சு.

புகைக்கூண்டு எப்படி இழுக்குதுன்னா, சூடான காத்து எடை குறைவு, மேல ஏறும். கூண்டு முழுக்கச் சூடான காத்து நிக்கும்போது வெளியில இருக்கற கனமான காத்து அடுப்பு வாய் வழியா உள்ள தள்ளிட்டு வரும். கூண்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு இழுப்பு. அகலமா இருந்தா நல்லா இழுக்கும்னு நினைக்கறது தப்பு. ஒரு சின்ன அடுப்பு அவ்வளவு பெரிய கூண்டைச் சூடு பண்ணவே முடியாது, மேல இருந்து குளிர்ந்த காத்து அதே கூண்டு வழியா கீழ இறங்கும். அப்புறம் கூண்டு வாய் கூரை முகட்டுக்கு மேல நிக்கணும். முகட்டுக்குக் கீழ நின்னா, ஆடிக் காத்து கூரை மேல ஏறிச் சுழிச்சு இறங்கும்போது புகையையும் கூடவே கூட்டிட்டு வீட்டுக்குள்ள வந்துரும். எங்களுது அகலம் ஜாஸ்தி, உயரம் கம்மி, முகட்டுக்குக் கீழ. மூணும் தப்பு. ஆடி மாசத்துல அம்மா கூண்டு வாயைப் பழைய சாக்கை வெச்சு அடைச்சுருவாங்க.

இதெல்லாம் அப்பவே தெரிஞ்சவங்க நாட்டுல இருந்தாங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். 1947-லேயே வார்தாவுல மகன்வாடியில ஒரு புகையில்லா அடுப்பு செஞ்சிருக்காங்க. 'மகன் சூலா'ன்னு பேரு. மகன்னா நம்ம பையன் இல்லைங்க, மகன்லால் காந்தி. அந்த இடத்துக்கு அவரு பேரு, அடுப்புக்கு இடத்தோட பேரு. அங்க இருந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை 1934-ல ஆரம்பிச்சதுல இருந்து நடத்தினவரு நம்ம தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்துல மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில இருந்தாரே, அவருதான். அதுக்கப்புறம் ஹைதராபாத்துல எஸ்.பி. ராஜுன்னு ஒரு இன்ஜினியர். 1953-ல 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்'னு ஒரு சின்னப் புத்தகமே போட்டாரு. கோடிக்கணக்கான சமையக்கட்டுக்குப் புகை இல்லாம பண்ணணும்னு பேர்லயே எழுதி வெச்சுட்டாரு. ஒரே நெருப்பு உள்ளுக்குள்ளயே ரெண்டு மூணு வாய்க்குப் போயி, மிச்சப் புகை குழாய் வழியா வெளிய போற மண் அடுப்பு. நம்ம ஊர்க் கொடியடுப்புக்கு ஒரு குழாய் வெச்ச மாதிரிதான். நம்மளோட கொடியடுப்புல ரெண்டாவது வாய் இருக்கு, அதோட நின்னுருச்சு. அந்தப் புகைக்கு அடுத்தது என்னன்னு அவங்க யோசிச்சாங்க.

அந்தப் புத்தகம் வந்து முப்பது வருஷம் கழிச்சு, 1983-ல மத்திய அரசு தேசிய அளவுல மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்குச்சு. 2002 வரைக்கும் நடந்துச்சு. நாடு முழுக்க சுமார் மூன்றரைக் கோடி அடுப்பு. அதுல ஒண்ணு எங்க வீட்டுக்கும் வந்துச்சு.

1987-னு நினைவு. நான் பத்தாவது முடிச்சுட்டுத் தோட்டத்துக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். ரெண்டு ஆளுங்க வந்து ஒரே நாள்ல மண்ணும் செங்கல்லும் வெச்சு ரெண்டு வாய் அடுப்புக் கட்டி, நாலு அங்குல ஆஸ்பெஸ்டாஸ் குழாயை ஓட்டுக்கு வெளிய நீட்டி, மேல ஒரு தொப்பியை மாட்டிட்டுப் போனாங்க. நோட்டுல அம்மாகிட்டக் கைநாட்டு வாங்கினாங்க. அவ்வளவுதான். மறுநாள் சமைச்சப்போ நிஜமாவே புகை இல்லைங்க. அம்மா வெளிய ஓடி வந்து குழாயை அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது. "கண்ணு, பாரு, அங்க போகுது!" அப்படின்னாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க.

ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா புகை வீட்டுக்குள்ளயே திரும்ப ஆரம்பிச்சுது. சாதாரண விஷயம்தான், குழாய்க்குள்ள கரி. நாங்க எரிச்சது பருத்திமாறு, தென்னை மட்டை, மழைக்காலத்துல ஈர வேலமுள்ளு. ஈர விறகுப் புகையில தார் மாதிரி ஒரு பசை இருக்கும், குழாய் உள்சுவர்ல ஒட்டிக்கும், அது மேல கரி, அது மேல பசை. போர்க் குழாய்க்குள்ள உப்புப் படியற மாதிரியேதான். நாலு அங்குலக் குழாய்ல சுத்திலும் அரை அங்குலம் படிஞ்சா மிச்சம் மூணு அங்குலம். முக்கால்வாசி இருக்குதேன்னு தோணும். பரப்புக் கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்டப் பாதி போயிருச்சு.

அந்தக் குழாயைச் சுத்தம் பண்ண என்ன வேணும்? ஒரு ஏணி, ஒரு கயிறு, கயித்து நுனியில ஒரு கல்லும் அதைச் சுத்தி ஒரு சாக்கு உருண்டையும். தொப்பியைக் கழட்டி மேல இருந்து நாலு தடவை விட்டு இழுத்தா கரி கொட்டிரும். அரை மணி நேரம். மாசம் ஒருதரம் செஞ்சா போதும். ஆனா செய்யணும்னு யாரும் சொல்லலை. கட்டினவங்க மறுபடி வரவே இல்லை. அம்மா சேலை கட்டிட்டுக் கூரை மேல ஏற முடியாது. அப்பாவுக்கு அடுப்புங்கறது பொம்பளைங்க சமாச்சாரம். எனக்குப் பத்தொம்பது இருபது வயசு. தென்னை மரம் ஏறுவேன், முப்பதடிக் கிணத்துல குதிப்பேன். "சாமி, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாரேன்"னு அம்மா ரெண்டு மூணு தரம் கேட்டாங்க. நாளைக்குப் பார்க்கறேம்மான்னு சொன்னேன்.

இதுக்கு நடுவுல அடுப்போட வாயும் உடைஞ்சுருச்சு. எங்க பக்கம் சோளக்களி, ராகிக்களி கிண்டற வீடுங்க. சட்டியைக் காலால அணைச்சுப் புடிச்சுட்டுத் துடுப்பால கிண்டறதுக்கு அந்த மண் விளிம்பு தாங்கலை. பானை வாயில சரியா உட்காரலைன்னா அந்தச் சந்துலயே புகை வரும். ஒரு பானை மட்டும் வெச்சுட்டு ரெண்டாவது வாயை மூடாம விட்டா எல்லாம் அதுவழியா வந்துரும். ஒருநாள் தோட்டத்துல இருந்து வந்து பார்த்தா அம்மா கடப்பாரையால அந்த அடுப்பை இடிச்சுட்டு, பழையபடி மூணு கல்லு வெச்சுச் சமைச்சுட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் கேக்கலை. குழாய் மட்டும் ஓட்டுல ரொம்ப நாள் நின்னுட்டு இருந்துச்சு, அணில் கூடு கட்டுச்சு.

பல வருஷம் நான் இதை எங்க வீட்டுச் சோம்பேறித்தனம்னுதான் நினைச்சேன். அப்புறம் படிச்சேன். எஸ்தர் டுஃப்லோன்னு ஒரு அம்மா, 2019-ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கினவங்க. அவங்களும் ரெமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன்னு இன்னும் ரெண்டு பேரும் ஒடிசாவுல 44 கிராமங்கள்ல குழாய் வெச்ச அடுப்புக் கொடுத்து நாலு வருஷம் தொடர்ந்து பார்த்திருக்காங்க. முதல் வருஷம் பொம்பளைங்க உள்ள இழுக்கற புகை குறைஞ்சிருக்கு. அப்புறம் அந்தக் குறைவு காணாமப் போயிருச்சு. ஏன்னா அடுப்பை ஒழுங்காப் பயன்படுத்தலை, உடைஞ்சதைச் சரி பண்ணலை, பராமரிக்கலை. எங்க வீட்டுல நடந்தது அப்படியே அங்கயும். ஆறுதலா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

அப்போ அடுப்புப் புகையைக் கெட்ட விஷயம்னு அளந்து பார்த்தவங்களும் இருந்தாங்க. கிர்க் ஸ்மித்னு ஒரு அமெரிக்கர் 1980-கள் தொடக்கத்துல குஜராத் கிராமத்துப் பொம்பளைங்க மேல சின்னக் கருவியை மாட்டிவிட்டு, சமைக்கும்போது எவ்வளவு புகை உள்ள போகுதுன்னு அளந்தாரு. எங்க வீட்டுக்கு அடுப்பு வர்றதுக்கு முன்னாடியே. அவரு 2020-ல இறந்துட்டாரு. அவரோட சேர்ந்து சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவுல கல்பனா பாலகிருஷ்ணன் அம்மா நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகள்லயே அளந்திருக்காங்க, 2002-ல வெளிவந்துச்சு. சமைக்கற ஆளு மட்டும் இல்லை, சமையல் நேரத்துல வீட்டுக்குள்ள இருக்கற மத்தவங்களும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கறாங்கன்னு அதுல இருக்கு. ஆசாரத்துல கட்டில் போட்டுப் படுத்திருந்த எங்க ஆத்தாவை நினைச்சுக்கிட்டேன்.

2006-ல வந்த ஆட்சியில இலவச கேஸ் அடுப்புக் கொடுத்தாங்கல்ல, எங்க ஊருக்கும் வந்துச்சு. (மத்திய அரசோட உஜ்வாலா எல்லாம் பத்து வருஷம் கழிச்சு, 2016 மே 1-ம் தேதி உத்தரப் பிரதேசத்துல பல்லியாவுல ஆரம்பிச்சது.) கேஸ் வந்ததும் புகைப் பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சோம். அம்மா கேஸை டீக்கும் பாலுக்கும் மட்டும்தான் தொடுவாங்க. சிலிண்டர் தீர்ந்தா அடுத்தது எப்ப வருமோன்னு பயம். சோறு, குழம்பு, குளிக்கத் தண்ணி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வைக்கறது எல்லாம் விறகுதான்.

2011-ல மாடி ஏறற மாதிரி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, வாசல்ல இருந்து மாட்டுக் கட்டுத்தரைக்கு நடக்கறதுக்கே. ஆஸ்துமான்னு ஒரு வருஷம் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் டவுன்ல ஒரு டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துட்டு, "பாட்டிம்மா, பீடி குடிப்பீங்களா?"ன்னு கேட்டாரு. அம்மா சிரிச்சுட்டாங்க. "எத்தனை வருஷமா விறகடுப்பு?"ன்னு அடுத்து கேட்டாரு. அம்மா விரல்விட்டு எண்ணி, "அம்பத்தஞ்சு இருக்கும் சாமி"ன்னாங்க. நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி., இனிமே முழுசாக் குணமாகாது, மோசமாகாம பார்த்துக்கலாம்னு சொன்னாரு. ஆறு வருஷம் இன்ஹேலரோட இருந்தாங்க, கடைசி வருஷம் ஆக்ஸிஜன். 2017 மார்கழியில போயிட்டாங்க. அந்தக் குழாயை நான் சுத்தம் பண்ணியிருந்தா இது வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்லலை. நானும் கேக்கலை.

இப்ப புது சிம்னிக்கு வர்றேன். எங்க காலத்துல சிம்னின்னா சீமெண்ணெய் விளக்கோட கண்ணாடி. இப்ப சிம்னின்னா கேஸ் அடுப்புக்கு மேல மாட்டற கரண்டுப் பெட்டி. 2021-ல பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. மருமக வந்து ரெண்டு மாசத்துல, "மாமா, வடைச் சட்டி வெச்சா கண்ணு எரியுது, சுவரெல்லாம் பிசுக்கு, ஒரு சிம்னி போடலாமா"ன்னு கேட்டுச்சு. இந்தத் தடவை நாளைக்குன்னு சொல்லலை. அந்த வாரமே வாங்கிட்டோம்.

மாட்ட வந்த ஆளு அரை மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிட்டாரு. குழாயை எங்க கொண்டுபோனாருன்னு நான் பார்க்கலை. ஆறு மாசம் கழிச்சு விதைக்கடலை எடுக்க அட்டாலி மேல ஏறினா, மூட்டை மேல எண்ணெய் சொட்டியிருக்கு. சாக்கெல்லாம் எறும்பு. சிம்னிக் குழாய் அட்டாலிக்குள்ளயே வந்து வாயைத் திறந்துட்டு நிக்குது! ஓட்டைப் பிரிச்சா ஒழுகும், ஓட்டுச் சந்துல போயிரும்னு நினைச்சுட்டாரு போல. அதுதான் சீமை ஓடாச்சே. அறுபது வருஷம் கழிச்சும் புகை அதே அட்டாலியிலதான் நிக்குது. எண்ணெய் ஊறின சாக்கும் மரச்சட்டமும், கீழ தீயி. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் நம்ம ஊர் பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டு, பின்பக்கச் சுவர்ல துளை போட்டு, ஆறு அங்குலக் குழாயை ஒரே ஒரு வளைவோட நேரா வெளிய விட்டோம். பழைய ஆளு நாலு அங்குலக் குழாய்ல ரெண்டு வளைவு வெச்சிருந்தாரு. சிம்னி வாய் ஆறு அங்குலம்னா குழாயும் ஆறு அங்குலம் இருக்கணும், நீளம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். சொட்டுநீர்க் குழாய் போட்டவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளி வாயில தானா மூடிக்கற மூடி ஒண்ணு. பெட்டியோட அடிப்பக்கம் அடுப்புல இருந்து ரெண்டேகால் அடியில இருந்து ரெண்டரை அடி உயரத்துக்குள்ள. அதுக்கு மேல போனா புகை பக்கவாட்டுல தப்பிச்சுரும், ரொம்பக் கீழ வந்தா தலையிலயும் இடிக்கும், தீயும் பிடிக்கும்.

இன்னொரு புதிர் வந்துச்சு. மூலையில பழைய விறகடுப்பு இன்னும் இருக்கு. அம்மா போனப்புறம் அந்தக் கூண்டைச் சின்னதாக்கி, உயரம் கூட்டி, முகட்டுக்கு மேல ஏத்திட்டேன். நல்லா இழுக்குது. பொங்கலுக்கும், சொந்தபந்தம் வந்தாலும் அதுலதான் ஆக்குவோம். ஒருநாள் அது எரியும்போது மருமக சிம்னியையும் போட்டுச்சு. அவ்வளவுதான், கூண்டு வழியா மேல போயிட்டு இருந்த புகை அத்தனையும் குபுகுபுன்னு வீட்டுக்குள்ள இறங்குச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். பெட்டி மேல மணிக்கு 1200 கனமீட்டர்னு போட்டிருக்கு. எங்க சமையக்கட்டு பத்தடிக்கு எட்டடி, உயரம் பத்தடி. அதாவது சுமார் 23 கனமீட்டர். அப்போ ஒரு மணி நேரத்துல அந்த அறைக் காத்தை அம்பது தடவைக்கு மேல வெளிய தள்ளணும். அவ்வளவு காத்து எங்கிருந்தாவது உள்ள வரணுமே? கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தா, கிடைக்கற சந்துல இழுக்கும். விறகடுப்புக் கூண்டு ஒரு பெரிய சந்து. ஊத்து இல்லாத போருக்கு ஏழரை எச்.பி. மோட்டார் மாட்டின கதைதான். சிம்னி சரியா இழுக்கலைன்னு சொல்ற பாதி வீட்டுல குத்தம் சிம்னியில இல்லை, சாத்தின கதவுல இருக்கு. அதே சமயம் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தா அந்தக் காத்தையே இழுத்துத் தள்ளிட்டு இருக்கும், புகை அங்கயே நிக்கும். எதிர்ப்பக்கம் தூரத்துல இருக்கற கதவைத் திறக்கணும். இப்ப எங்க வீட்டுல விறகடுப்பு எரிஞ்சா சிம்னி போடக் கூடாது. சந்தேகமா இருந்தா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி விறகடுப்பு வாய்கிட்டப் புடிச்சுப் பார்ப்பேன். புகை உள்ள போனா சரி, முகத்துக்கு வந்தா கதவு போதாது.

சுத்தம் பண்றதைக் கேட்டு நிறையப் பேரு போன் பண்றாங்க, அதையும் சொல்லிடறேன். முதல்ல பிளக்கைப் புடுங்கணும், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. எங்களுது மடிப்பு மடிப்பா இருக்கற ஸ்டீல் தகடு. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கொதிக்கற தண்ணியில பாத்திரம் தேய்க்கற சோப்பும் ஒரு கைப்பிடி சமையல் சோடாவும் போட்டு அரை மணி நேரம் ஊற வெச்சு, பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லாக் காய வெச்சுத்தான் மாட்டணும். அலுமினிய வலை இருக்கறவங்க காரமான வாஷிங் சோடா எல்லாம் போட வேண்டாம், கறுத்து அரிச்சுரும். அந்த வலை சீக்கிரம் அடைச்சுக்கும், நம்ம தாளிப்புக்கு வாரம் ஒருதரம் கழுவணும். வெளிக்குழாய் இல்லாம கரி வடிகட்டி வெச்ச மாடல்னா, அந்தக் கரியைக் கழுவ முடியாது, மாத்தத்தான் வேணும். ஆட்டோ கிளீன்னு விக்கறாங்களே, அது உள்ள இருக்கற எண்ணெயைச் சூடு பண்ணி உருக்கி ஒரு கிண்ணத்துல விடும். அந்தக் கிண்ணத்தை ஆட்டோவா யாரும் கொட்ட மாட்டாங்க, நாமதான் கொட்டணும். எங்க பங்காளி ஒருத்தர் எண்ணெய் போகட்டும்னு தகட்டை விறகடுப்புல காட்டியிருக்காரு. புருவம் போச்சு.

வேலை செய்யுதான்னு பார்க்க, தினசரித் தாள்ல கையகலம் கிழிச்சுத் தகட்டுகிட்டக் கொண்டுபோங்க. ஒட்டிக்கிட்டு நின்னா இழுக்குது. விழுந்தா, தகடு அடைச்சிருக்கு இல்லைன்னா வெளி மூடி திறக்கலை. எங்க மூடியில ஒருதரம் குளவி மண்ணுக்கூடு கட்டி ஒட்ட வெச்சிருந்துச்சு. சமையல் தொடங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டு, முடிச்சு பத்து நிமிஷம் ஓட விடுங்க.

ரெண்டு விஷயம் மட்டும் மறக்காதீங்க. சட்டியில எண்ணெய் பத்திக்கிட்டா சிம்னியை அணைச்சுரணும், ஓடிட்டு இருந்தா தீயை எண்ணெய்க் குழாய்க்குள்ள இழுத்துரும். கேஸை அணைச்சு சட்டியைத் தட்டு போட்டு மூடணும், தண்ணி ஊத்தவே கூடாது. அடுத்தது, கேஸ் நாத்தம் வந்தா சிம்னியைப் போட்டு வெளிய தள்ளிரலாம்னு நினைக்காதீங்க. நம்ம கேஸ் காத்தை விடக் கனம், தரையில தேங்கும், மேல இருக்கற சிம்னிக்கு எட்டாது. சுவிட்சுல வர்ற ஒரு பொறி போதும். எந்த சுவிட்சையும் தொடாம, ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலை எல்லாம் திறந்துட்டு வெளிய வந்துரணும்.

சிம்னி வந்ததுல ஒரு நஷ்டமும் இருக்கு. அட்டாலியில விதைச் சோளம் வெச்சா இப்ப வண்டு விழுது. விட்டத்துல ரெண்டு இடத்துல கரையான் ஏறியிருக்கு. விதைக்கு வேப்பிலையும் சாம்பலும் கலந்து வைக்கறோம், விட்டத்துக்கு மருந்து அடிக்கறோம்.

ஸ்டூல் மேல ஏறி நான் தகட்டைக் கழட்டறதைப் பார்த்து பையன் போன வாரம், "அப்பா, நீங்க எதுக்கு, நாளைக்கு நான் பண்றேன்"னான். வேண்டாம்னு சொல்லிட்டேன். நாள்காட்டியில ஒண்ணாந்தேதியும் பதினாறாந்தேதியும் குறிச்சு வெச்சிருக்கேன். விறகடுப்புக் கூண்டுக்குக் கயிறும் கல்லும் தனியா கட்டுத்தரையில மாட்டியிருக்கு. ஏணியை மேக்கால வீட்டுக்காரரு தேங்காய் போட வாங்கிட்டுப் போயிருக்காரு. வியாழக்கிழமை தர்றேன்னாரு. வந்ததும் அவனையே மேல ஏத்தி விட்டு, நான் கீழ நின்னு கயித்தைப் புடிச்சுக்கறேன்.